பாரதியார் போகாத கோர்ட்டு

1908-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம்.

சென்னையில் வெளிவந்து கொண்டிருந்த 'இந்தியா' என்ற வாரப் பத்திரிகை மீது வெள்ளைக்காரச் சர்க்கார் பாய்ந்தது. ராஜத்துரோக வழக்கு போட்டது. பத்திரிகையின் ஆசிரியர் என்று சர்க்காரிடம் பதிவாகி இருந்தவர் சீனிவாசன். போலீசார் அவரைக் கைது செய்தார்கள்.

ஆனால், அந்தப் பத்திரிகையில் அனல் பறக்க எழுதியவர் வேறு ஒருவர். அவருக்கு அப்போது வயது 25. முறுக்கிய மீசை. தலையில் முண்டாசு. அவர்தான் சுப்பிரமணிய பாரதியார்.

சீனிவாசனுக்கு அடுத்து பாரதியார்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. கோர்ட்டுக்குப் போவதா? போகாமல் இருப்பதா?

பாரதியார் கோர்ட்டுக்குப் போகவில்லை. புதுச்சேரிக்குப் போனார்.

அதற்கு அவர் கொடுத்த விலை 10 ஆண்டுகள்.

எட்டயபுரத்தில் பிறந்தவர்

பாரதியார் 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தை சின்னசாமி அய்யர். தாய் லட்சுமி அம்மாள். தாயை 5 வயதில் இழந்தார்.

சிறு வயதிலேயே கவி பாடினார். எட்டயபுரம் அரண்மனைப் புலவர்கள் அவருடைய திறமையைக் கண்டு வியந்து 'பாரதி' என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 11 வயது.

14 வயதில் திருமணம் நடந்தது. மணமகள் கடையம் ஊரைச் சேர்ந்த செல்லம்மாள். அடுத்த ஆண்டு தந்தையும் காலமானார். பாரதியார் காசிக்குப் போனார். அங்கே அத்தை வீட்டில் தங்கிப் படித்தார்.

1904-ம் ஆண்டில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழ் ஆசிரியராக வேலை பார்த்தார். அதே ஆண்டில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. சென்னைக்கு வந்தார்.

1906-ம் ஆண்டில் 'இந்தியா' வாரப் பத்திரிகை பிறந்தது. மண்டயம் குடும்பத்தார் பண உதவி செய்தார்கள். பாரதியார் எழுத்தைப் பார்த்துக் கொண்டார். கேலிச் சித்திரங்களும் வந்தன. படிக்கத் தெரியாதவர்கூட படத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்து கொண்டார்.

சர்க்காருக்கு இது பிடிக்குமா?

வ.உ.சி. போனார்

தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் ஓட்டியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. பாரதியாரின் நெருங்கிய நண்பர். 1907-ம் ஆண்டு டிசம்பரில் நடந்த சூரத் காங்கிரசுக்கு இருவரும் போய் வந்தார்கள்.

1908 மார்ச் மாதம். வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையில் இருந்து விடுதலையான நாளை வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலிச் சீமையில் கொண்டாடினார்கள். ஏற்கெனவே தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வெற்றியாக முடித்துக் கொடுத்தவர் வ.உ.சி. கலெக்டர் விஞ்சுக்கு ஆத்திரம். வந்து பார்க்கும்படி வ.உ.சி.க்கு உத்தரவு போனது.

போனால் கைது செய்வார்கள் என்பது தெரிந்த விஷயம். வ.உ.சி. ஓடி ஒளியவில்லை. நேரே போனார்.

ஊரை விட்டுப் போய்விட வேண்டும், அரசியலில் ஈடுபடக்கூடாது என்று கலெக்டர் நிபந்தனை போட்டார். வ.உ.சி. ஏற்க மறுத்தார். மார்ச் 12-ந் தேதி கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீசார் சுட்டதில் 4 பேர் உயிர் இழந்தார்கள்.

வ.உ.சி. மீது வழக்கு நடந்தது. பாரதியார் அந்த வழக்கில் சாட்சி சொன்னார். நண்பனுக்காகக் கூண்டில் ஏறினார். ஆகவே, கோர்ட்டைக் கண்டு நடுங்கியவர் அல்ல பாரதியார்.

ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு 40 ஆண்டுத் தீவாந்தர தண்டனை! தமிழ்நாடு திடுக்கிட்டது. பேசியதற்கு 20 ஆண்டு. சிவாவுக்கு இடம் கொடுத்ததற்கு 20 ஆண்டு. அப்பீலில்தான் தண்டனை வெகுவாகக் குறைந்தது.

இந்தத் தீர்ப்பு வெளியான அடுத்த மாதமே 'இந்தியா' மீது வழக்கு வந்தது. பாரதியாரின் நண்பர்கள் கலங்கினார்கள். கப்பல் விட்டவருக்கு 40 ஆண்டு என்றால், கவி எழுதியவருக்கு எத்தனை ஆண்டு? அவர் சிறையில் கிடந்தால் யார் எழுதுவது? பிரெஞ்சுக்காரர் ஆளும் புதுச்சேரிக்குப் போய்விடும்படி அவர்கள் வற்புறுத்தினார்கள். பாரதியாரும் கடைசியில் இசைந்தார்.

புதுச்சேரி அன்று பிரெஞ்சு நாட்டின் ஆட்சியில் இருந்தது. வெள்ளைக்காரப் போலீசார் அங்கே நுழைந்து யாரையும் கைது செய்ய முடியாது. எல்லையைத் தாண்டினால் வேறு சட்டம், வேறு கோர்ட்டு.

தண்டனை யாருக்கு?

பத்திரிகை நடத்துகிறவர் தம் பெயரைச் சர்க்காரிடம் பதிவு செய்ய வேண்டும். 1867-ம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்லியது. பதிவான பெயர் யாருடையதோ, அவரே பொறுப்பாளி. எழுதியவர் யார் என்று தேடிக் கொண்டிருக்க வேண்டியது இல்லை.

'இந்தியா'வில் பதிவாகி இருந்த பெயர் சீனிவாசனுடையது. கோர்ட்டு அவருக்கு 5 ஆண்டு தண்டனை விதித்தது.

எழுதியவர் எல்லைக்கு அப்பால். பெயர் கொடுத்தவர் சிறைக்குள். ஒருவர் கோர்ட்டுக்கு வராவிட்டால் வழக்கு நின்றுவிடுவது இல்லை. அதன் பாரம் வேறு ஒருவர் தலையில் இறங்குகிறது.

பாரதியாரை எல்லோரும் அறிவார்கள். சீனிவாசனை எத்தனை பேர் அறிவார்கள்?

சம்மன் வந்தால் என்ன நடக்கும்?

கோர்ட்டுக்குப் போகாவிட்டால் சட்டம் என்ன செய்யும்? அன்றைக்கும் இன்றைக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள குத்தம்பாக்கத்தில் ஒருவர் மீது கிரிமினல் வழக்கு என்று வைத்துக் கொள்வோம். முதலில் வருவது சம்மன். அதில் கோர்ட்டின் முத்திரை இருக்கும். எந்தத் தேதியில், எந்தக் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்று எழுதி இருக்கும். ஆள் வீட்டில் இல்லை என்றால் குடும்பத்தில் வயது வந்த ஒருவரிடம் கொடுப்பார்கள். முன்பு அது ஆணாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியது. 2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டத்தில், பெண்ணிடமும் கொடுக்கலாம். யாருமே இல்லை என்றால் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம்.

ஆகவே, வாங்க மாட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

சம்மனுக்குப் போகாவிட்டால் அடுத்தது வாரண்டு. முதலில் ஜாமீனில் விடக்கூடிய வாரண்டு வரலாம். அதற்கும் வராவிட்டால் ஜாமீனில் விடமுடியாத வாரண்டு. போலீசார் கைது செய்து கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

ஆள் தலைமறைவு என்றால் கோர்ட்டு பகிரங்க அறிவிப்புச் செய்யும். ஊரில் பலர் கூடும் இடத்தில் அதை உரக்கப் படிப்பார்கள். வீட்டிலும் கோர்ட்டிலும் ஒட்டுவார்கள். ஆஜராவதற்குக் குறைந்தது 30 நாள் தவணை உண்டு. அதற்கும் வராவிட்டால் நிலம், வீடு, மாடு எல்லாவற்றையும் ஜப்தி செய்யலாம். பாரதியார் காலத்து 1898-ம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த 30 நாள் கணக்கு இருந்தது.

இது போக, வராமல் இருப்பதே தனிக் குற்றம். கோர்ட்டு கூப்பிட்டும் வேண்டுமென்றே வராதவருக்கு 6 மாதம் வரை வெறுங்காவல், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பகிரங்க அறிவிப்பையும் மதிக்காதவருக்கு 3 ஆண்டு வரை சிறை. கடுமையான குற்றங்களில் தேடப்படும் குற்றவாளி என்று கோர்ட்டு அறிவித்துவிட்டால் 7 ஆண்டு வரை.

அசல் வழக்கில் ஒருவர் நிரபராதியாகவே இருக்கலாம். போகாததால் குற்றவாளி ஆகிவிடுகிறார்!

கடன், நிலத் தகராறு போன்ற சிவில் வழக்கில் போலீசார் பிடிக்க வரமாட்டார்கள். ஆனால், எதிரி சொல்வதை மட்டும் கேட்டு 'எக்ஸ் பார்ட்டி' தீர்ப்பு ஆகிவிடும். நிலம் கைமாறிப் போகும். தக்க காரணம் இருந்தால் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யும்படி மனு போடலாம். அதற்குப் பொதுவாக 30 நாள்தான் கெடு.

போலீசாரின் கண்

பாரதியார் கதைக்கு வருவோம்.

அவரைத் தொடர்ந்து 'இந்தியா' பத்திரிகையும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது. 1908 அக்டோபரில் மீண்டும் வெளிவந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து பாரதியாரின் குரல் ஒலித்தது.

சர்க்கார் சும்மா இருக்குமா? அந்தப் பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் வரக்கூடாது என்று தடுத்தது. படிப்பவர்கள் எல்லாரும் எல்லைக்கு இந்தப் பக்கம். வருமானம் நின்றது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்று போனது.

அதோடு பாரதியார் குடும்பத்தை வறுமை சூழ்ந்து கொண்டது. செல்லம்மாள் இரண்டு பெண் குழந்தைகளுடன் புதுச்சேரியில் குடித்தனம் நடத்தினார். மூத்தவள் தங்கம்மாள். இளையவள் சகுந்தலா. வாடகை பாக்கி விழும். வீட்டுக்காரரை ஊரார் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அழைப்பார்கள். அந்த நல்ல மனிதர் வாடகை கேட்டு நெருக்கியது இல்லை.

சென்னைச் சர்க்காரின் ரகசியப் போலீசார் புதுச்சேரித் தெருக்களில் சுற்றிக் கொண்டே இருந்தார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்று குறித்துக் கொண்டார்கள். தபால்களும் தப்பவில்லை.

1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரெயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். அதன் பிறகு கெடுபிடி பல மடங்கு ஆயிற்று. பாரதியார் எழுதிய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய நூல்களுக்குச் சர்க்கார் தடை விதித்தது.

புதுச்சேரியிலும் ஒரு சட்டம் வந்தது. வெளியிலிருந்து வந்து தங்கி இருப்பவர்கள், கவுரவ மாஜிஸ்திரேட்டுகள் ஐந்து பேரின் கையெழுத்தை வாங்கிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியேற வேண்டும். கலவை சங்கரச் செட்டியார் என்ற பெரியவர் ஓடி அலைந்து கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்தார். இல்லையேல் பாரதியார் எங்கே போயிருப்பார்?

கிணற்றில் கிடந்த ஜாடி

பாரதியாரைப் போலவே புதுச்சேரிக்கு வந்து தங்கியவர் வ.வே.சு. அய்யர். அவர் வீட்டுக் கிணற்றில் ஒருநாள் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே இருந்தவை ராஜத்துரோகக் காகிதங்கள்! அவர்களைப் பொய் வழக்கில் மாட்ட வேவுகாரர்கள் செய்த சூழ்ச்சி அது.

அவர்கள் ஜாடியை ஒளித்து வைக்கவில்லை. தாங்களாகவே பிரெஞ்சு அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார்கள். விசாரணை நடந்தது. சூழ்ச்சி வெளிப்பட்டது. அவர்கள் தப்பினார்கள். ஒளிந்திருந்தால் மாட்டி இருப்பார்கள்.

1910 ஏப்ரல் 4-ந் தேதி புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. கல்கத்தாவில் 'கர்மயோகின்' பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைக்காக வாரண்டு பிறந்தது. அங்கும் முதலில் தண்டனை அடைந்தவர் அச்சிட்டவர்தான். ஆனால், அவர் அப்பீல் செய்தார். அந்தக் கட்டுரை ராஜத்துரோகம் அல்ல என்று 1910 நவம்பரில் கல்கத்தா ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. கோர்ட்டில் நின்று வாதாடியதால், வராத அரவிந்தர் மீது இருந்த வழக்கும் ஒழிந்தது.

சிறைக்குப் போனவர் திரும்பினார்

வ.உ.சி. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு இழுத்தார். பட்ட பாடு சொல்லி முடியாது. ஆனால், அந்தத் தண்டனைக்கு ஒரு முடிவு இருந்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளியே வந்தார்.

பாரதியார் சிறையில் இல்லை. கையில் விலங்கு இல்லை. புதுச்சேரிக் கடற்கரையில் உலாவினார். நண்பர்களோடு பேசினார். ஆயினும், சொந்த மண்ணில் கால் வைக்க முடியவில்லை. உறவினர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போக முடியவில்லை. சிறைக்குப் போனவர் திரும்பிய பிறகும் சிறைக்குப் போகாதவர் மேலும் 6 ஆண்டு காத்திருந்தார்.

தண்டனை பெற்றவனுக்கு விடுதலைத் தேதி உண்டு. தலைமறைவாக இருப்பவனுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' மூன்றும் புதுச்சேரியில் பிறந்தவை. சிறையில் செக்கு இழுத்திருந்தால் அந்தக் கைகள் இவற்றை எழுதி இருக்குமா? தமிழுக்குக் கிடைத்தது லாபம். நஷ்டம் எல்லாம் செல்லம்மாளுக்கும் குழந்தைகளுக்கும்.

கடலூரில் கைது

1918 நவம்பர் 11-ந் தேதி முதல் உலகப்போர் முடிந்தது. இனியும் பொறுக்க முடியாது என்று பாரதியார் முடிவு செய்தார். 9 நாள் கழித்து, நவம்பர் 20-ந் தேதி, தாமாகவே எல்லையைத் தாண்டினார்.

கடலூருக்கு அருகில் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். போர்க்காலத்தில் போட்ட அவசரச் சட்டம் அதற்குக் கை கொடுத்தது. 10 ஆண்டுக்கு முன் எந்தச் சிறையைத் தவிர்த்தாரோ, அதன் கதவு இப்போது கடலூரில் திறந்தது.

அன்னிபெசன்ட் அம்மையார், சி.பி.ராமசாமி அய்யர், 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ரங்கசாமி அய்யங்கார் முதலியோர் அவருக்காக முயற்சி எடுத்தார்கள். டிசம்பர் 14-ந் தேதி விடுதலை கிடைத்தது.

சிறையில் இருந்தது ஏறக்குறைய 25 நாள்தான்!

ஆனால், நிபந்தனைகள் கடுமையானவை. திருநெல்வேலி ஜில்லாவில் குறிப்பிட்ட இடங்களில்தான் வசிக்க வேண்டும். எதை எழுதினாலும் வெளியிடும் முன்பு போலீஸ் அதிகாரிக்குக் காட்ட வேண்டும். எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய விலங்கு உண்டா?

பாரதியார் மனைவியின் ஊரான கடையத்துக்குப் போனார். 1920-ல் கட்டுப்பாடுகள் நீங்கின. சென்னைக்கு வந்து மறுபடி 'சுதேசமித்திரனில்' சேர்ந்தார். அங்கே இருந்தது ஓர் ஆண்டுகூட இல்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் யானை அவரைத் தள்ளியது. அந்தக் காயத்தில் இருந்து எழுந்தவரை வயிற்றுக் கடுப்பு பற்றிக் கொண்டது. 1921 செப்டம்பர் 11-ந் தேதி நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. வயது 38.

38 ஆண்டு வாழ்க்கையில் 10 ஆண்டு எல்லைக்கு அப்பால் போயிற்று.

இன்று

பாரதியார் கோர்ட்டுக்குப் போகாததைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது அந்நியன் கோர்ட்டு. நாட்டை நேசிப்பதே அங்கு குற்றம். அடிமை நாட்டில் அவருக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. இரண்டும் முள்.

இன்றைய நிலை வேறு. சம்மன் கையில் வந்தால் அதில் உள்ள தேதியையும், கோர்ட்டின் பெயரையும், வழக்கு எண்ணையும் முதலில் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் வக்கீல் மூலம் மனுக் கொடுத்து வேறு தேதி கேட்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

குத்தம்பாக்கத்தில் இருந்து பூந்தமல்லி போய் வர அரை நாள் போதும். போகாமல் இருந்தால் எத்தனை ஆண்டு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மகாகவிக்கே 10 ஆண்டு போயிற்று.